சேறு காய்வதற்குள்

கர்க்கடகம் என்று இவர்கள் சொல்கிற ஆடி மாதத்தில், கேரள எல்லையோரத்து ஆரியங்கோட்டில் சேற்றுக்குப் பஞ்சமே கிடையாது. ரப்பர் தோட்டத்துச் செம்மண் மழையில் கரைந்து கொழகொழவென்று ரோட்டுக்கு இறங்கிவிடும். வேட்டியில் ஒரு பொட்டு படாமல் கடைக்கு வந்து சேர நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், வேண்டுமென்றே சேற்றைத் தேடிப் போய்ப் புரள்வதற்கென்று இருபது பையன்கள் பைக் வாங்கி வைத்திருக்கிறார்கள். பையன்கள் என்று சொல்கிறேனே, பாதிப் பேருக்குக் கல்யாணமாகிவிட்டது. ஞாயிறுதோறும் தரிசாய்க் கிடக்கும் வயலில் இறங்கிச் சுற்றுவார்கள். பிறகு மனிதன் எது, வண்டி எது என்று தெரியாத கோலத்தில் என் கடைக்கு எதிரே வந்து நிற்பார்கள்.

எதிரே இருப்பது அஜிஷாவின் வாட்டர் சர்வீஸ். நாலு தூண், மேலே தகரம், ஒரு பம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, பின்னால் துணிமணி உலர்த்த ஓலைக் கூரை. அவளுக்கு இருப்பது இவ்வளவுதான். இதையும் அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள். அவள் செய்யாத ஒரு குற்றத்துக்காக. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லும்போது கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே எனக்கு உள்ளது.

நான் சிவதாணு. நாகர்கோவில் பக்கத்துக்காரன். பத்து வருடமாக இங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கவுண்டரிலிருந்து பார்த்தால் அவளுடைய ஷெட் முழுக்கத் தெரியும். இருபது அடி தூரம். இந்த இருபது அடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைச் சொல்லி நானே என்னைத் திட்ட வேண்டியிருக்கிறது.

அஜிஷா காரோட்டில் பிறந்தவள், கடல் பக்கம். அப்பா கூலிவேலை. அம்மா புஷ்பபாய்க்கு முந்திரி ஆலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நெய்யாற்றின்கரையில் ஒரு பைக் சர்வீஸ் சென்டரில் அஜிஷா சேர்ந்தாள். அங்கே ஒன்பது வருடம். வரும் வண்டியைக் குறித்துக்கொள்ள வேண்டும், கழுவ வேண்டும், துடைக்க வேண்டும். ஸ்பானரைத் தொட மட்டும் விடமாட்டார்கள். தொட விடாவிட்டால் என்ன, கண்ணைக் கட்டிவிட்டார்களா? ஒரு வண்டியைப் பிரிப்பதையும் மாட்டுவதையும் பார்த்துப் பார்த்தே முழுவதும் கற்றுக்கொண்டாள். அவளுக்கு ஆறு வருடம் கழித்து வந்த ஒருவன் சூப்பர்வைசர் ஆனான். எனக்கு ஏன் தரவில்லை என்று போய்க் கேட்டிருக்கிறாள். "அஜிஷா, நீ பெண்ணில்லியா, கிரீஸெல்லாம் கையில பட்டா நல்லாவா இருக்கும்?" என்றாராம் மேனேஜர். ஒன்பது வருடம் ஊர்ச்சேறெல்லாம் பட்ட கையில் கிரீஸ் பட்டால்தான் அழகு கெட்டுப்போகுமாம்! அன்று சாயங்காலமே யூனிஃபார்மை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அப்போது ஆரியங்கோட்டுக்காரன் சஜனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ரப்பர் மரத்தடி ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன், வாயைத் திறந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தப் பத்தில் ஒன்றைச் செலவழித்து, "தொடங்கு" என்றான். கிருஷ்ணன்குட்டி என்கிற ரப்பர்க்காரரின் ரோட்டோர நிலத்தை வாடகைக்குப் பிடித்து ஷெட் போட்டார்கள். இது நடந்து ஏழு வருடமாகிறது.

சேற்று வண்டியைக் கழுவுவது என்றால் பைப்பைத் திருப்பித் தண்ணீரைப் பாய்ச்சுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவள் செய்வதைப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. வண்டி வந்ததும் முதலில் சைலன்சரின் வாயை ஒரு ரப்பர் மூடியால் அடைப்பாள். காற்று உள்ளே போகும் வழியைப் பிளாஸ்டிக்கால் கட்டுவாள். பிறகு பம்பைப் பாதி வேகத்தில் வைத்து, கட்டிச் சேற்றை மட்டும் ஊற வைத்து இறக்குவாள். சக்கரத்தின் நடுக்குடத்துக்கு நேராக ஒருநாளும் அடிக்க மாட்டாள். அடித்தால் பேரிங்கில் தண்ணீர் ஏறிவிடுமாம். செயினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பாள். ஏர் ஃபில்டர் பஞ்சைக் கழற்றி, கசக்காமல் அமுக்கி அமுக்கிக் கழுவி, உலர்ந்த பிறகு எண்ணெய் பூசி வைப்பாள். யாராவது அவசரப்பட்டு பைப்பைக் கையில் எடுத்தால் போதும், குரல் என் கடைக்குள் வரும்.

"எலே அனூப்பே, கீழ வையி அதை! ரேடியேட்டருக்க தகடெல்லாம் மடங்கிப் போவும்லே. உனக்க வண்டியா, வெளக்குத சட்டியா?"

அனூப் என்பவன் அந்தச் சேற்று பைக் கிளப்புக்குச் செயலாளர். நல்ல கம்பெனியில் வேலை, எந்நேரமும் கையில் போன். திட்டு வாங்கினால் சிரித்துக்கொண்டே பைப்பைக் கீழே வைப்பான். சேச்சி சேச்சி என்று குழைவான்.

வண்டியோடு விட்டதா? பூட்ஸ், கையுறை, முட்டிக் கவசம், ஹெல்மெட் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு அவள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். பூட்ஸுக்குள் என் கடையின் பழைய பேப்பரைச் சுருட்டித் திணிப்பாள், ஈரம் இழுக்க. ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்றி, குழந்தைக்குத் தேய்க்கும் ஷாம்பு போட்டு, வெறும் தண்ணீரில் கையால் அலசுவாள். துணிக்கு உள்ளே வெள்ளையாக தெர்மோகோல் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான் தலையைக் காப்பதாம். அதற்குப் பெட்ரோலும் ஆகாது, சூடும் ஆகாது. அதனால் ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் ஒரு சீட்டுக் கட்டி அனுப்புவாள். "ஈரம் உண்டு. வெயிலில் வைக்கக் கூடாது. நிழலில் உணக்கவும்" என்று மலையாளத்தில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததே நான்தான். நூறு நூறாக எத்தனையோ தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கிருஷ்ணன்குட்டியின் ஒரே மகன் தீபு. அந்தக் கிளப்பிலேயே நல்ல ஓட்டக்காரன், நல்ல பையனும்கூட. ஒரு ஞாயிறு பயிற்சி முடிந்து வண்டியையும் ஹெல்மெட்டையும் அஜிஷாவிடம் கொடுத்தான். அனூப்பும் கொடுத்தான். திங்கள் காலையில் தீபு வந்து நின்று ஹெல்மெட் வேண்டும் என்றான்.

"ஈரம் போவல்ல மக்கா. இந்த மழைக்கு மூணு நாளாவது நெழல்ல கெடக்கணும். வியாழக்கெழமை வா."

"வெள்ளறடையில ஒரு வேலை உண்டு சேச்சி, வியாழன் வர ஒக்காது. வீட்டில வச்சு உணக்கிக்கிடுதேன்."

சீட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அடுத்த ஞாயிறு வயலில் போட்டி. மூன்றாவது சுற்றில் தீபு வரப்பில் இடித்துத் தலைகுப்புற விழுந்தான். ஹெல்மெட் தலையில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சுழன்று கழன்றது. தாடை உடைந்தது, நெற்றியிலிருந்து காது வரை பதினான்கு தையல். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, தெய்வம் காத்தது.

விழுந்த இடத்திலேயே அனூப் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறான். உள்ளே இருந்த தெர்மோகோல் சுருங்கி, வெளி ஓட்டிலிருந்து ஒரு விரல் அளவு விலகி நின்றது. உடனே போனை எடுத்தான். தீபுவை ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்னாலேயே வீடியோ தயாராகிவிட்டது. "பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் ஹெல்மெட்டுக்கு இந்தக் கதிதான். வாட்டர் சர்வீஸ் என்று போர்டு வைத்திருக்கும் எல்லோரிடமும் கொடுக்காதீர்கள், ஒன்றும் தெரியாதவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்." பெயர் சொல்லவில்லை. ஆனால் பின்னால் போட்டிருந்த படம் அஜிஷாவின் ஷெட். ஏழு வருடம் அவள் கையால் கழுவி வாங்கியவன்! பெட்ரோல் ஊற்றி அவள் கழுவியதை ஒருநாளாவது பார்த்திருக்கிறானா? யாரிடமாவது கேட்டானா? கேட்பதற்கு நேரம் ஏது, வீடியோ எடுக்கத்தான் நேரம் இருந்தது.

அன்று ராத்திரிக்குள் அது பனச்சமூடு வரைக்கும் போய், எல்லை தாண்டி என் மச்சான் போனுக்கும் வந்துவிட்டது. மறைப்பானேன்? நானும் அனுப்பினேன். பதினோரு பேருக்கு. அவளுடைய சீட்டை நூறு நூறாக ஜெராக்ஸ் எடுத்த இதே கையால் அனுப்பினேன். இருபது அடி நடந்து போய், "என்னம்மா, இப்படியொன்று சொல்கிறார்களே" என்று கேட்கத் தோன்றவில்லை. படித்தவன், நாலு எழுத்து தெரிந்தவன் என்று வெளியில் பெயர்! அந்தக் கையை என்ன செய்தால் தகும்?

திங்கள் முதல் ஷெட்டுக்கு ஒரு வண்டி வரவில்லை. சேற்று பைக் பையன்களை விடுங்கள், பால்காரனின் மொபெட்கூட வரவில்லை. கிளப்பு வெள்ளறடைப் பக்கம் வேறொரு வாட்டர் சர்வீஸுக்குப் போனது. அஜிஷா தினமும் எட்டு மணிக்கு வந்து பம்புப் பூட்டைத் திறந்து, ஒரு வண்டியும் இல்லாத தரையைக் கழுவி, சாயங்காலம் பூட்டிக்கொண்டு போனாள். அவள் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது சபையில் சிலருக்கு முன்பே பிடிக்காது. காலை ஆராதனைக்குப் போய்விட்டுத்தான் திறக்கிறாள், அது அவர்கள் கண்ணில் படாது. இப்போது, "கர்த்தர் காட்டிக் கொடுத்துட்டாரு பாத்தியா" என்று அவர்களும் ஒரு பக்கம் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை கிருஷ்ணன்குட்டியின் ஜீப் ஷெட்டின் முன்னால் நின்றது. அவர் இறங்கினார். பின்னால் அனூப்பும் கிளப்புக்காரர்கள் நாலு பேரும் பைக்கில், தலையில் ஹெல்மெட்டோடு. அனூப்பின் கையில் இறுக்கிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை. சண்டை வரும் என்று தெரிந்தது. நானும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். உதவி செய்யவா ஓடினேன்? போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு இந்த ஊரில் மனிதர்களைவிடப் போன்கள்தான் அதிகம்.

கிருஷ்ணன்குட்டி சாதாரணமாகச் சத்தம் போடுகிற ஆள் அல்ல. பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்து கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்க பையன் வாய் தெறந்து ஒரு வாய் கஞ்சி குடிக்க முடியாம கெடக்கியான். குழல் வச்சாக்கும் உறிஞ்சுதது. நீ என்னத்த ஊத்திக் கழுவினே சொல்லு!"

"வெள்ளமும் ஷாம்பும் அண்ணா. வேற ஒண்ணும் இல்ல."

"பொய் பறயாதே. நீ செய்த வேலைக்கு நான் போலீசுக்குப் போவல்ல, பெண்ணாச்சேன்னு விட்டேன். ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள எனக்க எடத்தை ஒழிஞ்சு தரணும். இனி இஞ்ச உனக்க ஷெட் வேண்டாம்."

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஏழு வருட உழைப்பு, தொட்டி, பம்பு, பெயர் எல்லாம் ஒன்பது நாளில் பெட்டி கட்ட வேண்டுமாம். அஜிஷா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அனூப்பைப் பார்த்தாள்.

"உனக்க தலையில இருக்கியது ஏது ஹெல்மெட்?"

அவன் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "எனக்கதான்."

"அதுவும் தீபுக்கதும் ஒரே நாளு, ஒரே பக்கெட்டில, இந்தக் கையால கழுவினது. உனக்கது சுருங்கல்ல. அதைத் தலையில வச்சிட்டு வந்துதான் நான் பெட்ரோல் ஊத்தினேன்னு சொல்லுதே. வெக்கமா இல்லியாலே?"

நாலு பேரும் அனூப்பின் ஹெல்மெட்டையே பார்த்தார்கள். இந்த ஒரு கேள்வி பதினோரு நாளாக ஒருத்தன் மண்டையிலும் உதிக்கவில்லை, என் மண்டையையும் சேர்த்துத்தான். அனூப் பேச்சை மாற்ற அவசரமாகப் பையின் முடிச்சை அவிழ்த்தான். "இதைப் பாருங்க. இதுக்கு என்ன பதிலு?" ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்த பை, அன்றிலிருந்து யாரும் திறந்திருக்கவில்லை.

அவிழ்த்ததும் குப்பென்று ஒரு மணம் அடித்தது. நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன், என் மூக்கிலேயே ஏறியது. தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் எரிந்த புகை, அதோடு புளித்த ரப்பர் பால். இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் எனக்குச் சோறு இறங்காமல் செய்த மணம். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உணக்க ஒவ்வொரு ரப்பர் வீட்டுக் கொல்லையிலும் ஒரு சின்ன அறை இருக்கும், புகைப்புரை என்பார்கள். அந்த மணம்தான். நான் அஜிஷாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அவள் கடல்பக்கத்துக்காரி, நான் நாகர்கோவில்காரன். எங்கள் இரண்டு பேர் முகம்தான் சுளித்தது. மற்ற ஆறு பேரும் ஒன்றும் நடக்காததுபோல் நின்றார்கள். எல்லோரும் ரப்பர் வீட்டில் பிறந்தவர்கள். அவர்கள் சட்டையிலும் பாயிலும் தலைமுடியிலும் இருப்பது அதே மணம், அது அவர்களுக்குத் தனியாகத் தெரியவே தெரியாது.

அஜிஷா ஹெல்மெட்டை வாங்கி கிருஷ்ணன்குட்டியிடம் நீட்டினாள். "அண்ணா, இதை ஒண்ணு மணத்திப் பாருங்கோ."

அவர் மூக்கருகே கொண்டுபோய் இழுத்துப் பார்த்தார். "என்ன மணம்? ஒரு மணமும் இல்லியே. பெட்ரோல் மணம் உண்டான்னா கேக்குதே?"

"ஈர மணமாவது உண்டா?"

"ஈரமா?" கிருஷ்ணன்குட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்லா உணங்கின சாதனமாக்கும் இது. நாலு நாள் புகைப்பெரையில கெடந்ததில்லியா. எனக்க கையாலயாக்கும் தூக்கினேன், அடுப்புக்கு நேர மேல, சீக்கிரம் உணங்கட்டுன்னு. சீட்டில வெயில் கூடாது, நெழல் வேணும்னு எழுதியிருந்துது. பெரைக்குள்ள வெயில் ஏது? பையன் ஈரத்தோட தலையில வச்சா சளி பிடிக்கும்னு..."

அவர் பேச்சு அங்கே நின்றது.

மழைக்காலத்தில் இந்த ஊரில் எல்லாவற்றையும் புகைப்புரையில்தான் தூக்குவார்கள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், விறகு, வாழைக்காய், நனைந்து போன ரேஷன் கார்டுகூட. யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. அடுப்புக்கு நேர் மேலே நாலு நாள். ஷீட்டைச் சுட்டுப் பழுப்பாக்குகிற சூடு, தெர்மோகோலை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணன்குட்டி ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் ரப்பர் ஷீட்டின் நிறத்தில் இருந்தது. என் கோபம் அந்த நிமிடம் கொஞ்சம் இறங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெற்ற பாசம்தான் செய்தது, வேறென்ன?

கிருஷ்ணன்குட்டி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "செரி. ஷெட்டை ஒழியாண்டாம். நீ இருந்துக்கோ."

இறங்கின கோபம் எனக்குத் திரும்ப ஏறியது. இருந்துக்கோவாம்! தப்புச் செய்தவளை மன்னித்து விடுகிற மாதிரி!

அஜிஷாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "அது போராது அண்ணா. ஊரெல்லாம் நான் பெட்ரோல் ஊத்தினேன்னு இருக்கு. அது அப்பிடியே கெடக்க நான் இஞ்ச எப்பிடி இருப்பேன்?"

"பிள்ளே, தீபு அறியப்படாது. அவன் என்னத்த நினைப்பான்? எனக்க கையால..."

"எனக்க கையாலன்னு பதினோரு நாளா ஊரு சொல்லிச்சே. அதை நான் தாங்கல்லியா? ஞாயித்துக்கெழமை வரை டயம் தாறேன். எங்க வேணும்னாலும் சொல்லுங்கோ, எப்பிடி வேணும்னாலும் சொல்லுங்கோ. ஆனா நீங்கதான் சொல்லணும்."

அவர்கள் போன பிறகு நான் போனைக் காட்டினேன். முழுவதும் பதிவாகியிருந்தது, கிருஷ்ணன்குட்டியின் வாக்குமூலத்தோடு. "ஒரு பட்டனை அமுக்கினால் போதும், ராத்திரிக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்" என்றேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம் கிடைத்துவிட்ட குஷி எனக்கு.

"அழியுங்கோ அண்ணாச்சி."

"ஏம்மா?"

"அவன் ஆஸ்பத்திரியில கெடந்து போன்ல இதைப் பாக்கணுமா? அவனுக்க அப்பன் வாயால கேக்கட்டு." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நீங்களும் அனூப்பும் ஒரே மாதிரிதானா?"

அழித்தேன். முகத்தில் அடித்தது போலிருந்தது. அடி எனக்குத் தகும்.

ஞாயிறு வந்தது. மழை விட்டு, சுள்ளென்று வெயில். பன்னிரண்டு மணிக்கு வயலிலிருந்து பைக்குகள் வரும் சத்தம் கேட்டது. வெள்ளறடைப் பக்கம் போகிறார்களோ என்று பார்த்தால், ஷெட்டுக்கு முன்னால் திரும்பின. பதினான்கு வண்டி. முன்னால் கிருஷ்ணன்குட்டியின் ஜீப். அவர்தான் வயலில் போய் எல்லோரையும் கூட்டி வந்திருக்கிறார். ஜீப்பிலிருந்து இறங்கி, ஷெட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஹெல்மெட்டைப் புகைப்பெரையில தூக்கினது நானாக்கும். தப்பு எனக்கது. இவ ஒண்ணும் செய்யல்ல. தீபுக்கிட்ட நேத்து பறஞ்சேன்." கொஞ்சம் நிறுத்தி, அஜிஷாவைப் பார்த்து, "என்னைப் பொறுத்துக்கொள்ளு மக்கா" என்றார். அதற்கு மேல் நிற்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அந்த மனிதரைப் பற்றி எனக்கு இனி ஒரு குறையும் இல்லை. அறுபத்துநாலு வயதில் நடுரோட்டில் நின்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

என் ஆத்திரமெல்லாம் அடுத்து நடந்ததில். பதினான்கு பேரும், வியாழக்கிழமையே தெரிந்துகொண்ட அனூப்பையும் சேர்த்து, "ஓ" என்றார்கள். "அப்பிடியாக்கும் காரியம்" என்றான் ஒருவன். அவ்வளவுதான். அனூப் வண்டியை உருட்டிக்கொண்டு நேராக ஷெட்டுக்குள் வந்து, பழையபடி பல்லைக் காட்டி, "சேச்சி, எனக்கதை முதல்ல அடிச்சு விடுங்க. அந்த வெள்ளறடைக்காரன் நேர பேரிங்கில அடிச்சு, வீல் கீச்சு கீச்சுன்னு கெடந்து கத்துது" என்றான். பதினைந்து நாள் ஒரு பெண்ணின் பெயரைச் சேற்றில் போட்டு மிதித்துவிட்டு, வண்டியில் சேறு இருக்கிறது, கழுவு என்கிறான்!

அஜிஷா பைப்பைக் கையில் எடுத்தாள். எடுத்து, சுருட்டி, ஆணியில் மாட்டினாள். பம்பின் சுவிட்சை அணைத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஷெட்டின் வாசலிலேயே உட்கார்ந்தாள்.

"வீடியோ யாருக்கெல்லாம் அனுப்பினியளோ, அவங்களுக்கெல்லாம் இப்ப எழுதுங்க. நாம சொன்னது பொய்யி, அஜிஷா செய்யல்லன்னு. எழுதினதை எனக்குக் காட்டுங்க. பொறவு பம்பில வெள்ளம்."

"சேச்சி, இப்ப இதுக்கா..." அனூப் சிரிக்கப் பார்த்தான்.

"அவசரம் எனக்கில்ல மக்கா. சேறு உனக்க வண்டியிலதான் இருக்கு."

அவன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். வயலில் ஓடிய இன்ஜின், தொட்டால் கை வெந்துவிடும். அந்தச் சூட்டில் ஓரங்களிலிருந்து சேறு வெளுக்கத் தொடங்கியிருந்தது. மேலே வெயில் வேறு. செம்மண் ஒருமுறை இன்ஜினில் சுட்டு இறுகினால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ரேடியேட்டர் தகட்டுக்குள் இறுகினால் அது வேறு கதை. இதெல்லாம் ஏழு வருடமாக அவள் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தது, ஒருத்தருக்கும் தெரியாமல் இல்லை. வேறு இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் வெள்ளறடை போய்ச் சேர்வதற்குள் பாதி இறுகிவிடும். அங்கே போய் மறுபடியும் பேரிங்கில் அடி வாங்க வேண்டும்.

கடைசியில் நின்ற அபிஜித்தான் முதலில் கையுறையைக் கழற்றினான். சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்து, போனை எடுத்துத் தட்டினான். கொண்டுவந்து அவளிடம் காட்டினான். அவள் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தாள். "ஆறு பேருதானா? குரூப்பிலயும் போட்டேல்லியா? அதிலயும் போடு." போட்டான். அவன் வண்டி உள்ளே போனது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பதினான்கு பேரும் வெயிலில், சேற்றோடு, தலையைக் குனிந்து தட்டிக்கொண்டு நின்றதை ரோட்டில் போன பஸ்ஸே நின்று பார்த்தது.

அனூப் கடைசி வரை இழுத்தான். அவனுக்கு எழுத்து மட்டும் போதாது என்று அவள் சொல்லிவிட்டாள். "எடுத்தது வீடியோதானே?" அவன் சேற்று முகத்தோடு போனைப் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லி, ஷெட்டைக் காட்டி, தான் பொய் சொன்னதாகச் சொல்லி முடிக்கும்போது அவன் வண்டியின் இன்ஜின் ஓடு முழுக்க வெளுத்து வெடித்திருந்தது. அதைக் கழுவ அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு கீறல் விழாமல், பிரஷால் ஊற வைத்து ஊற வைத்துத்தான் எடுத்தாள். பேரிங்கையும் பிரித்துத் துடைத்து கிரீஸ் வைத்துக் கொடுத்தாள். அவள் வேலையில் பழிவாங்கல் கிடையாது.

எல்லோரும் போன பிறகு என் கடைக்கு வந்தாள். கையில் அந்தப் பழைய சீட்டு. அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "புகைப்புரையில் தூக்கக் கூடாது." இப்படியும் ஒரு வரி எழுத வேண்டிய ஊரில் பிழைக்கிறாளே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"நூறு காப்பி அண்ணாச்சி."

எடுக்கத் திரும்பினேன். அவள் கவுண்டரை விட்டு நகரவில்லை.

"நீங்க எத்தன பேருக்கு அனுப்பினிய?"

நான் அனுப்பினது அவளுக்குத் தெரியாது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தப் பதினோரு பேரில் யாரோ ஒருவர் அவளுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். மெஷினை நிறுத்தினேன். போனை எடுத்து, அவள் முன்னாலேயே நின்று, ஒவ்வொரு பெயராகத் தேடி எழுதினேன். சேறு ஒன்றும் காயவில்லை, வண்டி ஒன்றும் நிற்கவில்லை, ஆனாலும் அவசரமாகத்தான் எழுதினேன். பதினொன்றையும் அவள் படித்துப் பார்த்தாள். பிறகு நான் எடுத்துக் கொடுத்த நூறு காப்பியை எண்ணி வாங்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்து போனாள்.